விளக்கை அணைத்தவருக்கு

துருவ ஒளியை (வானத்தில் திரைபோல் ஆடும் அரோரா வெளிச்சம்) ஆராய நாங்கள் அனுப்பிய ராக்கெட் போய்விட்டது, தரவும் வந்துவிட்டது. அந்த இரண்டு வாரம் நாங்கள் பட்ட பாடு இதைப் படிக்கும் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு என் புலம்பல் மெசேஜ் வந்திருக்கும், அதனால் அதை விடுகிறேன். இன்னும் சரியாகத் தூங்கவில்லை. ஆனாலும் நன்றியைத் தள்ளிப்போட்டால் சோம்பல் வந்துவிடும்.

அலாஸ்காவின் போக்கர் ஃப்ளாட் ஏவுதளத்தில் ராத்திரி முழுக்க கவுண்ட்டவுனை நிறுத்தி நிறுத்திக் காத்திருந்தவர்கள், மாற்று கேபிளைக் குட்டி விமானத்தில் அனுப்பியவர், காற்றுக்கணக்கு பார்த்தவர்கள், அலாஸ்காவில் மணி என்ன என்றே பார்க்காமல் "சாப்பிட்டியா" என்று போன் செய்த அம்மா, எல்லாருக்கும் கும்பிடு.

அப்புறம் அந்தப் பெரியவர். ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய க்விச்சின் பழங்குடி கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர். பெயர் போடாதே என்று சொல்லிவிட்டார்.

துருவ ஒளியின் பச்சை, தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேலே எரிகிறது. பலூன் அவ்வளவு ஏறாது, செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்றாது, ராக்கெட்தான் சில நிமிடம் உள்ளே நுழைந்து வரும். ஒளியின் எந்த இடத்தில் நுழைந்தது என்று தெரிய, கீழே ஒரு கேமரா அண்ணாந்து பார்த்தபடி இருக்க வேண்டும். அந்தக் கேமராவுக்குக் காவல் நான். எங்கள் ஃபில்டர் 557.7 நானோமீட்டர் அலைநீளப் பச்சையை மட்டும்தான் விடும், ஆனால் பள்ளி முற்றத்து வெள்ளை எல்.ஈ.டி.யில் அந்தப் பச்சையும் கலந்திருக்கிறது, போதாக்குறைக்குப் பனித்தரை வேறு அதை அள்ளி மேலே வீசுகிறது. முதல் ராத்திரி நான் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விளக்குக்கு மறைப்பாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை விறைத்துவிட்டது. அவர் வந்து பார்த்தார், ஏன் என்று கேட்டார், பாதி விளக்கம்கூட முடியவில்லை, உள்ளே போய் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். தினமும் பத்து மணிக்கு மைனஸ் முப்பது குளிரில் வீட்டிலிருந்து நடந்து வந்து அணைத்தார். டார்ச் முகத்தில் சிவப்புத் துணி கட்டி, வெளிச்சத்தைத் தரையிலேயே வைத்து வருவார். சிவப்பு என்று நான் சொல்லவே இல்லை. நாலாம் நாள் எதிர்வரிசை வாசல் விளக்குகளும் அணைந்திருந்தன. யார் சொன்னார்கள் என்று கேட்டால் தோளைக் குலுக்கினார்.

கடைசி ராத்திரி தெற்கே தாழ்வாக ராக்கெட் ஒரு பொறியாக ஏறியபோது பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் பேசவில்லை. நான் அழுதேன், கண்ணீர் இமையிலேயே உறைந்தது. பிறகு அவர், காலையில் பிள்ளைகள் வருமே என்று விளக்கைப் போடப் போய்விட்டார்.

ஆய்வுக் கட்டுரையின் நன்றிப் பகுதியில் அவருக்கு ஒரு வரி உண்டு. எடிட்டர் வெட்டினால் சண்டைதான்.

அவர்கள் மொழியில் நன்றிக்கு 'மாசி சோ' என்பார்கள். எங்கள் காலண்டரில் இப்போது மாசி மாதம் என்று அவரிடம் சொன்னேன். அப்படியானால் மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிரு என்றார். சொல்லிக்கொண்டிருக்கிறேன்.