பபூன் வந்தால்தான் ஊர் விழிக்கும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் நீ அழுவாய், நான் வாயடைத்துப் போவேன், உன் அம்மா நடுவில் புகுந்து "சாப்பிட்டாயா" என்று பேச்சை மாற்றிவிடுவாள். அதனால்தான் கடிதம்.

முப்பத்தோரு வயதில் உன்னை ஒரு டிவி தொடரில் கதாநாயகனுக்கு அம்மாவாக, அதிலும் சிரிப்புக் காட்டும் அம்மாவாக நடிக்கக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பையன் உன்னைவிட இரண்டே வயது இளையவன். கேட்ட விதமும் சரியில்லை, காலையிலிருந்து பொழுது சாயும்வரை வாசலில் உட்கார வைத்ததும் சரியில்லை. அது அவர்களுடைய தரித்திரம். நாம் வேடத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

முப்பத்தெட்டு வருடம் மைக் செட் கட்டியவன் நான். காரைக்குடியைச் சுற்றி எந்த ஊர்த் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' நாடகம் போட்டாலும், மூங்கிலில் கயிறு கட்டி மைக்கைத் தொங்கவிட்டு, ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் விடியும்வரை குந்தியிருப்பேன். அங்கேயிருந்து பார்த்தால் மேடை பாதிதான் தெரியும், ஊர் முழுதாகத் தெரியும். ராஜபார்ட் என்கிற கதாநாயகன் பாடும்போது ஊர் தலையாட்டும். வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணும்போது பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், பிள்ளைகள் பாயில் சுருண்டுவிடும். கோமாளி வேடம் போடும் பபூன் உள்ளே வந்து ஒரு செருமல் செருமினால் போதும், தூங்கின பிள்ளை எழுந்து உட்காரும். அன்பளிப்பு நோட்டும் அவர் சட்டையில்தான் அதிகம் குத்தியிருக்கும்.

நீ மறந்திருக்கமாட்டாய். ஒன்பது வயதில் என்னோடு வந்தாய். கதாநாயகி வேடம் போடும் ஸ்திரீபார்ட் வந்த வேன் வழியில் நின்றுவிட்டது, ஊர்க்காரர்கள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். உன்னை ஆம்ப்ளிஃபையர் பெட்டிமேல் ஏற்றி, மைக்கை உன் உயரத்துக்கு இறக்கி, ஒரு முருகன் பாட்டுப் பாடச் சொன்னேன். இரண்டாம் அடியில் உனக்கு வரி மறந்துபோனது. நீ அழவில்லை. மைக்கைப் பார்த்து, "முருகா, மீதியை நீயே பாடு" என்றாய். ஊரே சிரித்தது. உனக்குள் இருப்பது என்னவென்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

நம் பள்ளத்தூர் ஆச்சியை எடுத்துக்கொள். மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா. தாய் பள்ளத்தூரில் வீட்டு வேலை செய்து வளர்த்தார். பன்னிரண்டு வயதில் நாடக மேடை. மனோரமா என்ற பெயரே நாடகக்காரர்கள் வைத்ததுதான். 1958-இல் கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை' எடுத்தபோது அவருக்கு நகைச்சுவை வேடம் கொடுத்தார். ஆச்சிக்கு அதில் மனக்குறை. கதாநாயகி என்றால் மூன்று நான்கு வருடம், நகைச்சுவை என்றால் நெடுங்காலம் நிற்கலாம் என்று கவிஞர் சொன்னதாக ஆச்சியே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு 21 வயது. உன்னைவிடப் பத்து வயது சின்னவர்.

கவிஞர் நம் பக்கத்து ஊர்க்காரர், சிறுகூடல்பட்டி. இருந்தாலும் அவர் சொன்னதை நான் முழுக்க ஒப்புக்கொள்ளமாட்டேன். சிரிப்பு வேடம் போட்ட எத்தனையோ பேர் வந்த சுவடு தெரியாமல் போனார்கள். ஆச்சியை நிற்க வைத்தது குரல். மைக் கட்டுகிறவன் காது சொல்கிறது, கேள். 1968-இல் வந்த இரண்டு படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார். 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணி ஒரு குரல்: இழுத்து, குழைந்து, நடுவில் சட்டென்று ஒடியும். அதே வருடம் 'பொம்மலாட்டம்' படத்தில் "வா வாத்தியாரே ஊட்டாண்டே" என்று பாடியது இன்னொரு குரல். செட்டிநாட்டில் வளர்ந்த பெண், மெட்ராஸ்காரர்களே தங்கள் வீட்டுப் பெண் என்று நம்பும்படி பாடினார். இடையில் 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்துவிட்டார். கைக்குழந்தையோடு அவரைத் தவிக்கவிட்டுக் கணவர் பிரிந்துபோனதையும் தாங்கிக்கொண்டார்.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும். 'சின்னக் கவுண்டர்' ஆத்தா, 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, ஆயிரம் படங்களுக்கு மேல். அண்ணா, கலைஞரோடு நாடக மேடை; எம்.ஜி.ஆர்., என்.டி.ஆர்., ஜெயலலிதாவோடு படம். ஐந்து முதலமைச்சர்கள்! ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது அதுவல்ல. நாடகம், பாட்டு, சினிமா, டிவி என்று எந்தக் கதவு திறந்திருந்ததோ அதில் நுழைந்தார். அம்மா, மாமியார், பாட்டி என்று எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார்.

போன மாதம் ஒரு டப்பிங் தொடரில் யாரோ ஒரு பெண் அழுதாள். குரல் உன்னுடையது என்றேன். அம்மா நம்பவில்லை. "மழை" என்றாள் அந்தப் பெண். நீ மழை என்று சொல்லும்போது முன்னால் ஒரு சின்ன மூச்சு வாங்குவாய். பிறகுதான் அம்மா ஒப்புக்கொண்டாள்.

ஒரு விஷயம் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆத்தா. உனக்குப் பதினாறு வயதில் புதுக்கோட்டையிலிருந்து ஒரு நாடக வாத்தியார் வந்து, திருவிழாக் காலத்துக்கு மட்டும் உன்னை அனுப்பச் சொல்லிக் கேட்டார். நீ அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். படிப்பு கெட்டுவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். படிப்பு இல்லை காரணம். நாடகக்காரி என்று சொல்லிவிட்டால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்ற பயம். உன் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டியது நாடகத்தில் வந்த கூலியில்தான். அப்படியிருந்தும் சொன்னேன். அதனால் உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் குறைவுதான்.

ஒத்துக்கொள் என்று வற்புறுத்தவில்லை. சம்பளம் குறைவு என்றால் விடு. மரியாதை கொடுக்காத இடம் என்றால் விடு. சிரிப்பு வேடம் என்பதற்காக மட்டும் விடாதே.

அம்மா சீப்புச்சீடையும் மணகோலமும் டப்பாவில் கட்டி வைத்திருக்கிறாள், பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். நடிக்க ஒத்துக்கொண்டால் தொடர் எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. எட்டரை மணித் தொடரை உன் அம்மா யாருக்காகவும் விடமாட்டாள். நீயே நடித்தாலும் அவளிடம் பேசி ரிமோட்டை வாங்க எனக்கு ஒரு வாரமாவது வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா