முழங்கால் வலிக்கு முன் சீட் உயரத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நலவாழ்வுப் பக்கங்களில் சைக்கிளுக்கு எப்போதும் நல்ல பெயர்தான். தினமும் அரை மணி நேரம் மிதித்தால் இதயத்துக்கு நல்லது, எடை குறையும் என்று எழுதுகிறார்கள். அதில் தவறில்லை. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வேலைக்குப் போக 15 நிமிடம், திரும்ப 15 நிமிடம் என்று ஐந்து நாள் மிதித்தாலே 150 வந்துவிடும். ஆனால் எந்த உயரத்தில் உட்கார்ந்து மிதிப்பது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஆசையாகத் தொடங்குகிறவர்கள் சில வாரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "சைக்கிள் நமக்கு ஒத்துவராது" என்று வண்டியை ஓரங்கட்டிவிடுகிறார்கள். மூட்டுத் தேய்மானம் என்று பயமுறுத்தவும் பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். கோளாறு பல நேரம் சீட்டில் இருக்கிறது.

சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும் என்று பலர் சீட்டை இறக்கி வைத்திருக்கிறார்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயம்தான். சீட் தாழ்ந்திருந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. அந்த மடிப்பிலேயே அழுத்தி மிதிக்கையில் முழங்கால் சில்லு தொடையெலும்போடு இறுக அழுந்துகிறது. முழங்காலின் முன்பக்கம், சில்லைச் சுற்றி வலிப்பதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். நிமிடத்துக்கு 70 சுற்று என்று வைத்துக்கொண்டால் அரை மணியில் ஒவ்வொரு காலும் 2,100 தடவை மடங்கி நீள்கிறது. நடையில் பொறுத்துப்போகிற சின்னக் கோளாறு இங்கே பொறுக்காது.

உயரத்தைச் சரிபார்க்கக் கருவி வேண்டாம். வழக்கமாகப் போடும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி சீட்டில் நேராக உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் கால் முழுதாக நீள வேண்டும். நீளாமல் மடங்கியே நின்றால் சீட் தாழ்வு. குதிகால் எட்டவே இல்லை என்றால் உயரம். பிறகு பெருவிரலுக்குப் பின்னால் உள்ள மேடான பகுதியைப் பெடல் அச்சுக்கு நேராக வைத்துப் பாருங்கள், முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். அந்த மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள் இருந்தால் நல்லது.

கணக்காகப் பார்க்க விரும்புகிறவர்கள் வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே முட்டும்வரை இடுக்கி, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளக்கட்டும். அதை 0.883-ஆல் பெருக்க வேண்டும். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. கிராங்க், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கை, சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை, சீட் குழாயின் சாய்விலேயே டேப் பிடித்தால் இந்த அளவு வர வேண்டும். இது பந்தயக்காரர்களின் கணக்கு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் ஒரு செ.மீ. குறைத்துத் தொடங்கலாம்.

ஒரேயடியாக ஏற்ற வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை செ.மீ. போதும். சீட்டைத் தாங்கி ஃபிரேம் குழாய்க்குள் இறங்கும் கம்பியான சீட் போஸ்டில், இதற்குமேல் வெளியே இழுக்காதே என்று ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அது வெளியே தெரியவே கூடாது. தெரிந்தால் போஸ்ட் முறியலாம், ஃபிரேமும் விரிசல் விடலாம். அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் உயரம் வருகிறது என்றால் நீளமான போஸ்ட் போட வேண்டும், அல்லது ஃபிரேமே உங்களுக்குச் சின்னது. சரியான உயரம் அமைந்ததும் போஸ்ட் குழாய்க்குள் இறங்கும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். போஸ்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்து சீட் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறங்குவதை உட்கார்ந்திருப்பவர் உணரமாட்டார். டேப்பின் அடிவிளிம்பு கசங்கியிருந்தால் சீட் இறங்கியிருக்கிறது.

சீட்டை ஏற்றினால் கால் எட்டாதே என்பார்கள். சீட்டில் இருந்தபடி எட்ட வேண்டிய அவசியமே இல்லை. நிறுத்தும்போது ஒரு பெடலை அடியில் வைத்து, பிரேக்கை மெல்லப் பிடித்துக்கொண்டே அந்தப் பெடல்மேல் எழுந்து, சீட்டுக்கு முன்னால் இறங்கி மறுகாலை ஊன்ற வேண்டும். புறப்படும்போது ஒரு பெடலை மேலே, சற்று முன்பக்கமாகச் சாய்த்து வைத்து அதை மிதித்து எழும்பினால் வண்டியும் நகரும், நீங்களும் சீட்டுக்கு வந்துவிடுவீர்கள். ஆளில்லாத இடத்தில் ஒரு மாலைப்பொழுது பழகினால் போதும். கடையில் வண்டியைக் கொடுப்பவர்களும் வாங்குபவரை ஒருமுறை ஏற்றி உட்காரவைத்துக் குதிகாலைப் பார்த்து அனுப்பலாம். இரண்டு நிமிட வேலை.

உயரம் கூடிப்போனாலும் தொல்லைதான். அப்போது வலி முழங்காலின் பின்பக்கம் வரும். பெடல் அடியில் போகும்போதெல்லாம் இடுப்பு இடமும் வலமும் ஆடும். இதைப் பின்னாலிருந்து பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். முழங்காலின் பக்கவாட்டில் வலித்தால் பாதம் எப்படித் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். நடக்கும்போது விரல்கள் லேசாக வெளிப்பக்கம் பார்க்கிறவர், பெடலில் மட்டும் பாதத்தை நேராக்க முயலக் கூடாது. ஒரு கால் மட்டும் வலிக்கிறது, அதுவும் வண்டி விழுந்த பிறகுதான் என்றால் பெடல் அச்சு வளைந்திருக்கலாம். கிராங்கை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றும்போது பெடல் உள்ளும் புறமும் சாய்ந்து சாய்ந்து வந்தால் சந்தேகம் உறுதி. அதற்குத் தைலம் தடவிப் பயனில்லை, பெடலை மாற்றுங்கள்.

அடுத்தது கியர். கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பதுதான் நல்ல உடற்பயிற்சி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. முழங்காலுக்கு அது தண்டனை. 15 விநாடியில் ஒரு முழங்கால் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். சமதரையில் 70-க்கு மேல் இருந்தால் சரி. 50 பக்கம் என்றால் கியரைக் குறையுங்கள். கியர் இல்லாத வண்டியில் ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. டயரில் காற்று குறைந்தாலும் கால்தான் அதற்கு ஈடு கட்டுகிறது. காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) முதல் எத்தனை வரை என்று டயரின் பக்கச்சுவரிலேயே போட்டிருக்கும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாமல் வாரம் ஒருமுறை கேஜ் வைத்துப் பாருங்கள்.

கை மரத்துப்போவதைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்தால், உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கமாகப் போகும் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றால் அது மணிக்கட்டின் நடுவில் போகும் மீடியன் நரம்பு. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: உடம்பின் பாரம் கைகளில் இறங்குகிறது. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உட்கார்ந்தவர் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பார், கைகள்தான் தாங்க வேண்டும். முதலில் சீட்டை மட்டமாக்குங்கள். பிறகு ஹேண்டிலைச் சற்று உயர்த்துங்கள். மணிக்கட்டு பின்னால் மடங்காமல் முன்கையோடு நேர்க்கோட்டில் இருக்கட்டும், சில நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். கையுறை இதற்கெல்லாம் பிறகுதான்.

சீட்டில் உட்காரும் இடம் மரத்துப்போவதைக் கூச்சத்தால் யாரும் வெளியே சொல்வதில்லை. ஆண், பெண் இருவருக்கும் வரும். மெத்தை போன்ற ஜெல் கவர் வாங்கிப் போடுவார்கள். குறுகிய தூரத்துக்கு அது சுகம். தூரம் கூடும்போது இரண்டு உட்காரும் எலும்புகளும் அதற்குள் புதைந்து, நடுவிலுள்ள மென்மையான பகுதி எழும்பி நரம்பையும் ரத்தக்குழாயையும் அழுத்துகிறது. பாரம் எலும்பில் இறங்க வேண்டும். பார்சல் பெட்டி அட்டை ஒன்றைக் கடினமான ஸ்டூலில் போட்டு, கால்களைச் சற்று தூக்கி ஒரு நிமிடம் உட்கார்ந்தால் இரண்டு குழிகள் விழும். அவற்றின் நடுவுக்கு நடு அளந்து 2 செ.மீ. கூட்டினால் கிடைப்பது சீட்டுக்குத் தேவையான குறைந்தபட்ச அகலம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து சில விநாடி நிற்பது எந்தச் சீட்டுக்கும் நல்லது.

சைக்கிளால் ஆகாத காரியமும் ஒன்று உண்டு. உடம்பின் எடையைச் சீட் சுமப்பதால் எலும்புகளுக்கு அதிர்வும் பளுவும் கிடைப்பதில்லை. ஆகவே சைக்கிள் மட்டுமே போதும் என்று இருந்துவிடாமல் வாரத்தில் இரண்டு நாள் குந்தி எழுவது, படியேறுவது, பளு தூக்குவது ஏதாவது வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இது இன்னும் அவசியம்.

நீரிழிவுக்கு இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், புதிதாகத் தொடங்குமுன் மருத்துவரிடம் அளவு பற்றிக் கேட்டுக்கொண்டு, கையில் சர்க்கரையோ இனிப்போ வைத்துக்கொண்டு ஏற வேண்டும். மிதிக்கும்போது நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால் அங்கேயே நிறுத்துங்கள். புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாளும் சைக்கிளைத் தவிர்ப்பது நல்லது, சீட்டின் அழுத்தத்தால் அளவு கூடிக் காட்ட வாய்ப்புண்டு. முழங்கால் வீங்கினாலோ, ஓட்டி முடித்து ஒரு நாள் ஆகியும் மரமரப்பு போகாவிட்டாலோ சீட்டைத் திருகிக்கொண்டிராமல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது, ஒரு பெடல் அடியில் இருக்க நீங்கள் வண்டியில் உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படமும், பின்னாலிருந்து மிதிப்பதை அரை நிமிட வீடியோவும் செல்போனில் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்ப்பவர் ஒருவர்,
இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர்