கூட்டலில் பிழையில்லை, கூட்டியதுதான் பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையில், கேள்வி கோரல் விளம்பரத்துக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவில், பூதக்கண்ணாடி பிடித்தால் அகப்படக்கூடிய அளவில் ஒரு திருத்தம் வந்திருந்தது. மாணவர் பக்கத்து நான்காம் வினாவின் விடையை 8 என்பதற்குப் பதிலாக 12 என வாசிக்க வேண்டுமாம். அத்தோடு விட்டிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். "கூட்டலில் நேர்ந்த சிறு பிழைக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரி வேறு!

கூட்டலில் ஒரு பிழையும் நேரவில்லை ஐயா. இரண்டும் ஆறும் எட்டுத்தான். ஒரு நாணயத்தையும் ஒரு தாயக்கட்டையையும் ஒருமிக்க எறிந்தால் எத்தனை பேறுகள், அதாவது எத்தனை விதமாக விழலாம், என்று கேட்ட இடத்தில் கூட்டப் போனதுதான் பிழை. தலை விழுந்தால் அதனோடு தாயக்கட்டை ஆறு விதமாக விழலாம். பூ விழுந்தாலும் ஆறு விதம். மரவரிப்படம் கீறினால் இரண்டு கொப்பு, கொப்புக்கு ஆறு கிளை, ஆக 2 × 6 = 12. திருத்த வந்தவர் விடையை மாற்றினாரே ஒழிய, எது பிழைத்தது என்று அவருக்கே விளங்கவில்லை என்பதை அந்த ஒரு வரி காட்டிக் கொடுத்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்த முறை சாதாரண தரம் எடுக்கிறாள். தங்கள் மாணவர் பக்கத்தை வாராவாரம் வெட்டிக் கொப்பியில் ஒட்டுபவள். நான் பன்னிரண்டு என்றதும், "இல்ல ரீச்சர், பேப்பர்ல எட்டு எண்டுதான் போட்டிருக்கு" என்றாள். ஏழை சொல் அம்பலம் ஏறாது. பென்ஷன் எடுத்த ரீச்சரின் சொல்லும் அப்படித்தான் போலும். 33 வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். கடைசியில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியையும் பேரனின் லூடோப் பெட்டியில் கிடந்த தாயக்கட்டையையும் எடுத்து மேசையில் வைத்தேன். குற்றியைத் தலைப்பக்கம் வைத்து, கட்டையை ஒன்றிலிருந்து ஆறு வரை புரட்டிப் புரட்டி எழுதினாள். பிறகு குற்றியைத் திருப்பி வைத்து மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. அதோடு ஒன்பது ஆகிவிட்டது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தாங்களும் ஒருமுறை செய்து பார்க்கலாம், ஐந்து நிமிடம் போதும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது இன்னும் சுலபமாக விளங்க வேண்டும். கணக்கில் "அல்லது" வந்தால் பெரும்பாலும் கூட்டல், "உம்" வந்தால் பெருக்கல். நாணயமும் தாயக்கட்டையும் என்று வினாவிலேயே இரண்டு "உம்" இருந்ததே! அதற்கு இலக்கணத்தில் எண்ணும்மை என்று பெயர் என்பது தாங்கள் அறியாததல்ல. நான் மூதூரில் படிப்பித்த காலத்தில் இங்கே திருகோணமலையிலிருந்து லோஞ்சில் போகலாம், அல்லது கிண்ணியாப் பக்கமாகப் பாதை எனும் மிதவைகளில் ஏறி இறங்கித் தரைவழியே போகலாம் (கிண்ணியாப் பாலம் 2009இல்தான் வந்தது). போக இரண்டு வழி. போகவும் வரவும் என்று கேட்டால் 2 × 2, நான்கு வழி. கடல் கொந்தளித்த நாட்களில் ஒன்றுதான், அது வேறு கதை.

இதெல்லாம் புதிதாக எழுதுவதுமல்ல. இரண்டு வருடத்துக்கு முன் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை வைத்து இதே பெருக்கலைப் பற்றி ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். தாங்கள் கன்னியாவுக்கு வந்திருப்பீர்கள். வெந்நீர்க் கிணறு ஏழு. முதல் வாளியை ஏழில் எதிலும் அள்ளலாம், அடுத்ததற்கு மிச்சம் ஆறு, அதற்கடுத்ததற்கு ஐந்து. ஏழிலும் அள்ளிக் குளிக்க 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1 = 5,040 ஒழுங்குகள். நாளுக்கு ஒன்றாகக் குளித்தாலும் 13 வருடம் கழிந்தும் மிச்சம் இருக்கும். பிள்ளைகள் படிக்கட்டும் என்று மினக்கெட்டு எழுதினேன். தாங்கள் பெருக்கல் முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு, நான் போகிற போக்கில் சொன்ன குப்பைத் தொட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, "கன்னியாவில் துப்புரவு தேவை" என்று தலைப்பிட்டீர்கள். என்னையும் "திரு." ஆக்கினீர்கள். என் மனிசன் இருந்த காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தார்.

ஆனால் லொத்தர் முடிவுக்கு மட்டும் ஒருநாளும் இடம் பற்றாமல் போனதில்லை! ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் உள்ள சீட்டு என்றால் 26ஐ ஆறு தரம் பத்தால் பெருக்க வேண்டும்: 2 கோடி 60 இலட்சம் விதம். என் தம்பி தங்கள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "அரும்பொட்டில தப்பிட்டுது அக்கா, நாலு இலக்கம் சரி" என்கிறான். மிச்சம் இரண்டு இலக்கமும் ஓர் எழுத்தும்: 10 × 10 × 26 = 2,600. அதில் ஒன்றே ஒன்றுதான் பரிசு. இதுவா அரும்பொட்டு? அதே பக்கத்தில் அவனுடைய ராசிக்கு அதிர்ஷ்ட இலக்கம் 8 என்று போட்டிருந்தது. அதையும் கூட்டித்தான் கண்டுபிடித்தார்களோ என்னவோ.

பேப்பர்க்காரரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. இங்கே ஒரு வங்கியில் காட் எடுத்தபோது, "அன்ரி, பிறந்த நாளையும் மாதத்தையும் இரகசிய இலக்கமாப் போடுங்கோ, மறக்காது" என்று கவுண்டரில் இருந்த பிள்ளை புத்தி சொன்னது. நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள். நாளும் மாதமும் என்றால் வெறும் 366. கள்வனின் வேலையில் 9,634ஐ வங்கியே குறைத்துக் கொடுக்கிறது. ஓர் இலக்கம் திரும்ப வராமல் தெரிந்தெடுத்தாலும் 10 × 9 × 8 × 7 = 5,040 இருக்கும். ஆம், கன்னியாக் கிணறுகளின் அதே 5,040. இத்தனை வருடம் படிப்பித்தும் நான் அதைக் கவனித்ததில்லை. கடைசி வாங்கில் இருந்த ஒரு பெடியன்தான் எழும்பிச் சொன்னான். அவனுக்கு அன்றைக்கு யாரும் விடையை மட்டும் கொடுத்து வாயை அடைக்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வருகிற ஞாயிறு மாணவர் பக்கத்திலேயே, கேள்வி கோரலுக்குள் ஒளித்து வைக்காமல், பன்னிரண்டு பேறுகளையும் மரவரிப்படத்தோடு போடுங்கள். படத்தை நானே கீறி இணைத்திருக்கிறேன். இடம் போதாவிட்டால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைக்கலாம். அளவு மட்டும் முன்பு வந்த விடையின் அளவாகவே இருக்கட்டும். பிள்ளை பழையதை உரித்தால் கொப்பி கிழிந்துவிடும் என்கிறாள். அதன் மேலேயே ஒட்டப் போகிறாளாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை (ஆசிரியர் அல்ல),
உப்புவெளி, திருகோணமலை.