பாரிடோன் எடுக்கும் தம்பிக்கு

ஸ்டாக்ஹோம்
டிசம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மதியம் மூன்று அடிப்பதற்குள் சூரியன் இறங்கிவிடுகிறது. மற்றபடி குளிருக்குக் குறை இல்லை என்று அம்மாவிடம் சொல்.

பேண்டில் உன்னை ஆல்டோ சாக்சபோனிலிருந்து, அதைவிடப் பெரிதாய் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் பாரிடோன் சாக்சபோனுக்கு மாற்றப்போவதாக அம்மா போனில் சொன்னாள். அதற்கு முன் லார்ஸ் குல்லீன் வாசித்ததைக் கேட்டுவிடு. ஸ்வீடன் நாட்டு ஜாஸ் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் அவர்தான். 1928இல் கோட்லாந்து தீவில் சாண்டா என்ற ஊரில் பிறந்தார். நீனஸ்ஹாம் துறைமுகத்திலிருந்து கப்பலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும் அந்தத் தீவுக்கு. சின்ன வயதில் அக்கார்டியன், பிறகு ராணுவ பேண்டில் கிளாரினெட், 1947இல் ஸ்டாக்ஹோம் வந்தபின் பியானோவும் ஆல்டோவும். 1949இல் சேமூர் ஓஸ்டர்வால் பேண்டில் பாரிடோனுக்கு ஆள் தேவைப்பட்டபோது அதைக் கையில் எடுத்தார், பிறகு விடவில்லை. 1951 முதல் ஆர்னே டொம்னேருஸ் குழுவில் வாசித்தார். 1954இல் அமெரிக்க 'டவுன் பீட்' பத்திரிகையின் விமர்சகர்கள் பாரிடோனில் புதிய நட்சத்திரமாக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐரோப்பியர் ஒருவருக்கு அது முதல் முறை. இசைத்தட்டுகளை வைத்தே கிடைத்த பெயர் அது.

அவர் சத்தத்தைக் கவனி. பாரிடோன் என்றால் அடியில் உறுமவேண்டும் என்று நினைக்கிறார்கள். குல்லீன் பெரும்பாலும் நடு, மேல் ஸ்தாயிகளில் நிற்கிறார், பாரிடோனைவிடச் சின்னதான டெனார் சாக்சபோனைப் போல லேசாக. மூச்சைத் தள்ளுவதில்லை, விடுகிறார். 1955இல் ரோல்ஃப் பெரியின் கிடார், கேயோர்க் ரீடலின் பேஸ், பூ ஸ்டூரின் டிரம்ஸோடு பதிந்த 'டானீஸ் டிரீம்' கேள். மகன் பெயரில் அமைத்த மெட்டு. அவரே அமைத்ததுதான், ஆனால் இந்த ஊர் நாட்டுப்பாடல்களின் வாடை அதில் இருக்கிறது. தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடாமல் ஒவ்வொரு இசைத்தொடரையும் கடைசிவரை இழுத்து முடிக்கிறார். 1964இல் வயலின்களையும் சேர்த்துக்கொண்டு 'போர்ட்ரெய்ட் ஆஃப் மை பால்ஸ்' பதிந்தார். இசையமைப்பாளராக அவரை அதில்தான் முழுசாகப் பார்க்கலாம். போதைப் பழக்கம் அவர் உடம்பையும் வேலையையும் நிறையத் தின்றது. 1976 மே மாதம் இறந்தபோது வயது 48.

உனக்கு ஒரு நல்ல செய்தி. ஆல்டோவும் பாரிடோனும் இரண்டுமே இ ஃப்ளாட் வாத்தியம் (சி என்று எழுதியதை வாசித்தால் இ ஃப்ளாட் ஒலிக்கும்), விரல் வைக்கும் முறை அதேதான். பாரிடோனுக்கு எழுதிய நொட்டேஷனை ஆல்டோவில் அப்படியே வாசிக்கலாம், ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். அதனால் மெட்டுகளை இப்போதே பழகத் தொடங்கு. பேஸ் கிளெஃபில் (கீழ் ஸ்வரங்களுக்கான குறியில்) எழுதிய பாகம் கையில் கிடைத்தாலும் பயப்படாதே. ட்ரெபிள் கிளெஃப் (மேல் ஸ்வரங்களுக்கான குறி) என்று நினைத்துப் படித்து, வரியின் தொடக்கத்தில் உள்ள கீ சிக்னேச்சரில் மூன்று ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றும் குறி) கூட்டிக்கொள். ஃப்ளாட் (அரை ஸ்வரம் இறக்கும் குறி) இருந்தால் மூன்று கழி. பாரிடோனில் ஸ்தாயியும் சரியாக வந்துவிடும். சிக்கல் நடுவில் வரும் குறிகளில்தான். சி மேஜர் பாகத்தில் பி, இ, ஏ இவற்றுக்கு முன் ஃப்ளாட் போட்டிருந்தால் அதை நேச்சுரல் (ஏற்றமும் இறக்கமும் இல்லாதது) என்று படிக்கவேண்டும்.

வாத்தியம் வாங்கும்போது அடி ஸ்வரங்களை முதலில் மெதுவாக ஊதிப்பார். பலமாக ஊதினால் எல்லாம் பேசும், மெதுவாக ஊதும்போதுதான் குறை தெரியும். கீழே பி ஃப்ளாட் தடுமாறி மேல் ஸ்தாயிக்குத் தாவினால் உன் உதட்டைக் குறை சொல்லாதே, துளையை மூடும் பேடு எங்கோ கசிகிறது. அடிக்கடி மாட்டுவது ஜி ஷார்ப் பேடு. கீழ் எஃப் பிடித்து ஊதிக்கொண்டே ஜி ஷார்ப் சாவியை அழுத்து. சத்தம் மாறினால் அந்தப் பேடை அடக்கி வைக்கும் சின்னத் திருகு தளர்ந்திருக்கிறது. கீழ் பி சாவியைத் தொடும்போதெல்லாம் அந்தப் பேடு லேசாகத் தூக்கிக்கொள்ளும், அடி ஸ்வரங்கள் எல்லாம் கெடும். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகினாலே சரியாகிவிடும். மற்ற கசிவுகளுக்கு, விளக்கை அணைத்துவிட்டுக் குழாய்க்குள் சிறு எல்இடி விளக்கை இறக்கு. மூடிய பேடைச் சுற்றி எங்கே வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கே ஓட்டை.

இங்கே தலைவலி வேறு. வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டரின் வறண்ட காற்று. ஊதும்போது அதிரும் ரீடு என்ற நாணல் தகட்டின் நுனி அலைபோல நெளிந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் தண்ணீரில் போட்டுக் கண்ணாடிமேல் தட்டையாக அழுத்தினால் நேராகும். குளிரில் இருந்து வந்த வாத்தியம் சுருதி இறங்கியே நிற்கும், அது சூடாகும்வரை சுருதி சேர்ப்பது வீண். உனக்கு நேர் எதிர். சித்திரை வெயிலில் கல்யாண ஊர்வலத்தில் சுருதி ஏறும், மவுத்பீஸைக் கொஞ்சம் வெளியே இழுத்து வை.

இந்த ஊரில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஊர் ஊருக்குக் கல்விச் சங்கங்கள். தலைவரோடு சேர்த்து மூன்று பேர் கூடி இசை பழகினாலும் அது ஒரு படிப்பு வட்டம். சங்கத்தின் ஒத்திகை அறையில் டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் இருக்கும். அடுக்குமாடிகளில் இரவு பத்துக்குமேல் சத்தம் கூடாது என்பதால் பாரிடோன்காரர்களுக்கு அந்த அறைதான் வீடு.

ஆல்டோ ரீடு பாரிடோனுக்குப் பொருந்தாது, அகலம் வேறு. ரீடின் கடினத்தில் இரண்டரை நம்பரில் தொடங்கு. வேண்டுமென்றால் எழுது, ஜனவரியில் ஊருக்கு வருகிறவரிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்