பத்து நாள் கெடுவில் ஆறாவது நாள்

அன்புள்ள மாப்ளே,

பேத்தி தட்டுத்தடுமாறி நடக்கும் படம் வந்து சேர்ந்தது. வீட்டில் இரண்டு நாளாக அதே பேச்சுதான். இங்கே கலிஃபோர்னியாவில் மழை ஓய்ந்து மலையெல்லாம் பச்சை. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை போனில் பாதியில் விட்ட கதைக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை, வழக்கமான வாடகை செஸ்னா, என் குட்டி விமானம். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து இறங்க அனுமதி கொடுத்துவிட்டார்கள். 300 அடி உயரத்தில் வந்துகொண்டிருக்கிறேன், இறங்குவதற்கு இறக்கையின் ஃபிளாப் முழுக்க இறக்கியாயிற்று. அப்போது அதே குரல், தரையில் காத்திருந்த இன்னொரு விமானத்தை ரன்வேயில் ஏறி நிற்கச் சொன்னது. நான் இறங்கவேண்டிய அதே ரன்வேயில்! உங்கள் ரயில்வே பாஷையில் சொன்னால், ஒரே பிளாக்கில் இரண்டு வண்டிக்கு லைன் கிளியர்.

இன்ஜின் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி மேலே ஏறினேன். கீழே பார்த்தால் அவன் நடுக்கோட்டில் அழகாகத் திரும்பி நிற்கிறான், தலைக்கு மேலே நான் போவது தெரியாமல். ரேடியோவில் இரண்டு நொடி சத்தமே இல்லை. அப்புறம் “சாரி, அது என் தவறு” என்றார் கோபுரத்திலிருந்த அந்தப் பையன். வயது இருபத்தைந்து இருக்கலாம், குரலை வைத்துச் சொல்கிறேன்.

“எழுதிப் போட்டால் அவன் சோற்றில் மண் விழுமே” என்று கேட்டாய். முப்பது வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக சார்ஜ் ஷீட்டுக்குப் பயந்து வாழ்ந்தவன் வேறென்ன கேட்பாய்? எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. இங்கே பல கோபுரங்களில் ஆள் பற்றாக்குறை. வாரத்தில் ஆறு நாள், நாளைக்குப் பத்து மணி நேரம் என்று பிழிகிறார்கள்.

ஆனால் நான் எழுதப்போவது அதிகாரிக்கு இல்லை, நாசாவுக்கு. ராக்கெட் விடுகிற அதே நாசாதான், சிரிக்காதே. 1974 டிசம்பர் 1-ஆம் தேதி, வாஷிங்டன் பக்கத்தில் டிடபிள்யூஏ 514 என்ற போயிங் 727 மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். ‘அணுகலாம்’ என்று அனுமதி கிடைத்ததும், 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். பாதுகாப்பான உயரத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று கட்டுப்பாட்டாளர் நினைத்திருந்தார். கொடுமை என்னவென்றால், ஆறு வாரத்துக்கு முன்பு யுனைடெட் விமானம் ஒன்று அதே இடத்தில் இதே குழப்பத்தில் மயிரிழையில் தப்பியிருக்கிறது. அந்த விமானிகள் தங்கள் கம்பெனியிடம் சொன்னார்கள், கம்பெனி தன் ஆட்களை எச்சரித்தது. மற்ற கம்பெனிக்காரர்களுக்குச் செய்தி போகவே இல்லை.

அதற்குப் பிறகுதான் 1976-ல் நாசாவுக்கு எழுதும் இந்த ஏற்பாடு. எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு, நடந்ததை மட்டும் எல்லோருக்கும் கொடுப்பார்கள். பத்து நாளுக்குள் அனுப்பினால், தெரியாமல் செய்த என் தவறுக்கும் பெரும்பாலும் தண்டனை கிடையாது. அதே 1976-ல்தான் அன்றைய யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் வானத்தில் இரண்டு விமானங்கள் மோதி 176 பேர் இறந்தார்கள். அங்கே ஒரு கட்டுப்பாட்டாளரைச் சிறையில் தள்ளினார்கள். சக கட்டுப்பாட்டாளர்கள் மனுப் போட்டுத்தான் இரண்டு வருஷம் சொச்சத்தில் வெளியே வந்தார்.

என் தவறு என்ன என்கிறாயா? அன்றைய ரேடியோ பதிவு இணையத்தில் கிடைத்தது, போட்டுக் கேட்டேன். அந்த விமானத்தை ஏறி நிற்கச் சொன்னதற்கும் நான் வாய் திறந்ததற்கும் நடுவே பதினொரு நொடி! பக்கத்தில் இணையாக இன்னொரு ரன்வே இருக்கிறது, அதற்காக இருக்கும் என்று சும்மா இருந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன்னிடம் போனில் சொன்னபோதுகூட ‘உடனே ஏறினேன்’ என்றுதான் அளந்தேன்.

படிவத்தில் பாதி எழுதி வைத்திருக்கிறேன். பையன் செய்தது நாலு வரியில் முடிந்துவிட்டது. என் பதினொரு நொடியை எழுத உட்கார்ந்தால்தான் காபி குடிக்க எழுந்துவிடுகிறேன். இன்னும் நாலு நாள் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிடுவேன்.

அது சரி, பக்கத்து ஸ்டேஷனிலிருந்து உறுதிக்காக வாங்கவேண்டிய பிரைவேட் நம்பரை வாங்காமலே வண்டியை விட்டாய் என்று ஒரு தரம் குடித்துவிட்டு உளறினாயே, அதை எங்கேயாவது எழுதினாயா? மறைக்காமல் சொல்.

உன்,
பழைய ரூம்மேட்