எங்கள் குறும்படத்தின் டைட்டிலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நம் மாணவர் குறும்படத்தைப் பார்த்த சிலர், கதையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே டைட்டிலைப் பற்றிக் கேட்டார்கள். இயக்குநருக்கு அது எப்படி இருந்ததோ, எனக்கு இனித்தது. ஆனால் அந்தப் பாராட்டில் பெரும்பகுதி எனக்குரியது அல்ல. 'டைட்டில் வடிவமைப்பு' என்ற சொல்லுக்குக் கீழே திரையில் என் பெயர் மட்டுமே வருகிறது. அதன் பின்னால் இருந்தவர்கள் யார், என்ன செய்தார்கள் என்பதை எல்லோரும் அறியச் சொல்லிவிடுவதுதான் முறை.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: தந்தை இறந்த பிறகு அண்ணனும் தங்கையும் வீட்டைக் காலி செய்கிறார்கள், மொத்தம் 18 நிமிடம். டைட்டிலில் மனிதர்கள் இல்லை. மாட்டியிருந்த படங்களைக் கழற்றியபின் அழுக்கேறிய சுவரில் தெரியும் பளிச்சென்ற கட்டங்கள் மட்டும் வருகின்றன. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பெயர்.

இந்த எண்ணம் என் தலையில் தானாக உதித்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இயக்குநரின் பிடிவாதத்தில் பிறந்தது. சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, பழைய கடிதம் என்று நான் வரைந்து கொண்டுபோன ஒவ்வொன்றையும், "கதையில் பின்னால் வரப்போகும் பொருள் முன்னாலேயே வரக்கூடாது" என்று நீக்கிக்கொண்டே வந்தார். எல்லாம் போனபின் சுவர்தான் மிச்சம். நண்பா, அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நீ அறிவாய். இன்றைக்கு அதே அளவு நன்றியை ஏற்றுக்கொள்.

அந்தச் சுவர் சுவரே அல்ல, ஒட்டுப்பலகை. கலை இயக்கம் செய்த தோழி அதன்மேல் முதலில் வெளிர்நிறம் பூசினாள். சட்டங்கள் இருந்திருக்க வேண்டிய இடங்களில் காகிதம் வெட்டி ஒட்டினாள். மேலே பழுப்பு நிறத்தை நீர்க்கக் கரைத்துப் பல அடுக்குகளாகத் தெளித்தாள். காகிதத்தை உரித்தபோது கட்டங்கள் தெரிந்தன. ஆனால் விளிம்புகள் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தன. மேல் விளிம்பில் தூசு படியும், கீழ் விளிம்பில் படியாது என்று சொல்லி, பென்சில் கரியைப் பொடித்து மேல் ஓரங்களில் மட்டும் விரலால் தேய்த்தாள். ஆணி இருந்த இடத்தில் ஒரு சின்னத் துளை, அதைச் சுற்றிப் பெயர்ந்த காரை. யாரும் கவனிக்கமாட்டார்கள் என்றேன். பார்த்தவர்களில் பாதிப்பேர் அந்த ஆணித்துளையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ஒளிப்பதிவாளர் விளக்கைப் பலகைக்கு எதிரே வைக்காமல், பக்கவாட்டில் கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் வைத்தார். ஒளி சுவரை உரசிக்கொண்டு போகும்போதுதான் மேடுபள்ளங்களுக்கு நிழல் கிடைக்கிறது. நேரே அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். கேமரா பக்கவாட்டில் நகரும் வேகத்தையும் அவர்தான் குறைக்கச் சொன்னார். வினாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்ற வேகத்தில் எழுத்து வேகமாக இடம்பெயர்ந்தால், பார்ப்பவரின் கண்ணில் அது துடிக்கும், படிக்க முடியாது.

எழுத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அசையும் டைட்டில் செய்ய முயன்றவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். 'கெ' என்ற எழுத்து கணினியில் முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. காட்டும்போதுதான் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. எழுத்து எழுத்தாகத் தோன்றவேண்டும் என்று கட்டளை கொடுத்தால், தமிழுக்குப் பழகாத மென்பொருள் அதைச் சேமித்த வரிசையில் பிய்த்துப்போடுகிறது. கொம்பு தனியாக ஒரு புள்ளிவட்டத்தோடு திரையில் அலையும், மெய்யெழுத்தின் புள்ளி தலையை விட்டுத் தாமதமாக வந்து சேரும். இதற்கு வழிசொன்னவர், நாங்கள் பயன்படுத்திய எழுத்துருவை வடிவமைத்தவரேதான். திறந்த உரிமத்தில் அதை இலவசமாக வெளியிட்டிருப்பவர். முன்பின் தெரியாத ஒரு மாணவனின் மின்னஞ்சலுக்கு நீண்ட பதில் எழுதினார். பெயர்களை முழுமையாகத் தட்டச்சு செய்து, அவற்றைக் கோட்டுருவங்களாக, அதாவது எழுத்தாக இல்லாமல் வெறும் வரைபடங்களாக மாற்றி, எது ஒரு எழுத்து என்பதை நாமே கையால் தொகுத்துக்கொண்டு அசைக்கவேண்டும் என்பது அவர் சொன்ன முதல் வழி. இரண்டாவது, வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடம் விடுவது. 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'மு'வின் வால் கீழே இறங்கும். நெருக்கினால் இரண்டும் மோதிக்கொள்ளும். சிறிய அளவில் புள்ளி மறைந்துவிடும் என்பதால், மெல்லிய வகையை விட்டுவிட்டு ஒரு படி தடித்த வகையை எடுக்கச் சொன்னார். ஐயா, உங்களை நேரில் பார்த்ததில்லை. எழுத்துருவைத் தரவிறக்கி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வந்து சொல்வது அரிது என்று எழுதியிருந்தீர்கள். நான் சொல்லிவிட்டேன்.

இசையமைத்த தம்பி முதலில் தந்த மெட்டு நிமிடத்துக்கு 70 தாளம். 24 சட்டகக் கணக்கில் ஒரு தாளத்துக்கு இருபதரைக்கும் சற்று அதிகமான சட்டகங்கள் வரும். சட்டகத்தைப் பாதியாக வெட்ட முடியாது. ஆகவே பெயர்கள் தாளத்திலிருந்து மெல்ல மெல்ல நழுவின. அவன் கணக்குப் போட்டுப் பார்த்து, வேகத்தை 72 ஆக்கினான். இப்போது ஒரு தாளத்துக்கு மிகச்சரியாக 20 சட்டகம். பதிவுசெய்த வீணையை இதற்காகத் திரும்ப வாசித்தான். முகம் சுளிக்கவில்லை என்று எழுத ஆசைதான். சுளித்தான், ஆனால் வாசித்தான்.

பெயர்களைச் சரிபார்த்த தோழியின் வேலைதான் யாருக்கும் தெரியாத வேலை. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுக்காகிதம் கொடுத்து, உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள் என்று கேட்டு வாங்கினாள். தலைப்பெழுத்து தமிழிலா, ஆங்கில ஒலியிலா, புள்ளி உண்டா, முன்னால் இகரம் சேர்ப்பவரா, கிரந்த எழுத்தை விரும்புபவரா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. இதில் வடிவமைப்பாளருக்குக் கருத்துச்சொல்ல உரிமையில்லை என்று அவள் கறாராகச் சொன்னாள். 1964இல் வெளிவந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்துக்கு பாப்லோ ஃபெர்ரோ கையால் எழுதிய டைட்டில் உலகப்புகழ் பெற்றது. அதிலேயே ஒரு ஆங்கிலச் சொல்லில் கடைசி எழுத்து விடுபட்டு, இன்றுவரை அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சட்டகத்தை அச்சிட்டு என் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்தாள். அச்சுறுத்தல் என்று அதைத்தான் சொல்வார்கள்.

எங்கள் ஆசிரியருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முதல் வடிவம் இரண்டு நிமிடத்தைத் தாண்டி ஓடியது. அவர் ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தார், பிறகு திரையை அணைத்துவிட்டுக் கேட்டார், பிறகு "18 நிமிடப் படத்தில் இந்த டைட்டில் வீட்டுச் சொந்தக்காரரா, வாடகைக்கு வந்தவரா?" என்று கேட்டார். இப்போது 70 வினாடி. 1955இல் சால் பாஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு படத்துக்கு டைட்டில் செய்தபோது, திரைச்சீலையை விலக்கிய பிறகே டைட்டிலை ஓட்டுங்கள் என்று திரையரங்குக்காரர்களுக்குக் குறிப்பு அனுப்ப வேண்டியிருந்ததாம். அதுவரை சீலையின் மேலேயே ஓட்டிவிடும் வழக்கம் இருந்திருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, "உன் டைட்டிலுக்குச் சீலையை விலக்கலாமா, தேவையில்லையா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். கடைசி வாரம் கேட்கவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு பெயரும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதை முடிவுசெய்தவர் படத்தொகுப்பாளரின் பாட்டி. மெதுவாக, வாய்விட்டுப் படிப்பவர். அவர் படித்து முடிக்கும் முன்பே மறைந்த பெயர்களுக்கெல்லாம் கூடுதல் சட்டகங்கள் கிடைத்தன. பாட்டி, என் பெயரை மட்டும் இரண்டுமுறை படித்தீர்கள், நன்றி.

இருட்டான பகுதிகளில் நிறம் படிக்கட்டுபோலத் தெரிந்ததைக் கண்டுபிடித்து, லேசான குறுமணிகளைத் தூவி மறைத்த நிறத்திருத்தக்காரருக்கும், எழுத்துகளைச் சட்டகத்தின் நடு 90 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்லி நினைவூட்டியவருக்கும், கணினிக்கூடத்தை இரவில் பூட்டாமல் காத்திருந்த அண்ணனுக்கும் என் வணக்கம்.

கோப்புகள் அனைத்தையும் துறையின் பொதுச் சேமிப்பில் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு மாணவர்கள் தாராளமாக எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். எழுத்துகளைத் தொகுத்த முறைக்குத் தனிக் குறிப்பும் இருக்கிறது. பலகை மட்டும் ஒத்திகை அறையின் கதவை மறைத்துக்கொண்டு நிற்கிறது. தோழி, அதை என்ன செய்வது என்று நீயே வந்து சொல்லிவிடு.

அன்புடன்,
டைட்டில் வடிவமைத்தவன்