ட்ரோம்சோவிலிருந்து ஹிமாத்ரி வரை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரிக்குப் போகும் வழியில், வட நார்வேயின் ட்ரோம்சோவிலிருந்து ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள லாங்யேர்பியன் எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தாய். சுமார் 957 கிலோமீட்டர். செவ்வகமாக விரித்த மெர்கேட்டர் உலக வரைபடத்தில் விரல் வைத்து அளந்துவிடாதே. 78 டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்தில் எல்லாமே ஏறக்குறைய 5 மடங்கு பெருத்துத் தெரியும்.

நீயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான். ட்ரோம்சோ விமான நிலையம் 69.68 டிகிரியில், லாங்யேர்பியன் 78.25 டிகிரியில். வித்தியாசம் 8.57, டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்றால் வடக்கே 951. தீர்க்கரேகை வித்தியாசம் மூன்றரை டிகிரி இருந்தாலும் அங்கே கோடுகள் நெருங்கிவிடுவதால் பக்கவாட்டில் 106 கிலோமீட்டர்தான். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 957 வந்துவிடும்.

ஜெட் விமானம் மணிக்கு 780 கிலோமீட்டர் போனால் சுமார் 75 நிமிடம். ஏறவும் இறங்கவும் 25 சேர்த்து ஒரு மணி நாற்பது நிமிடம். எதிர்காற்று 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் இன்னும் பத்து நிமிடம், அவ்வளவே.

ஆனால் பயணத்திட்டத்தை இந்த நேரத்தை வைத்துப் போடாதே. கோடையில் மூடுபனி, குளிர்காலத்தில் காற்று. லாங்யேர்பியனில் இறங்க முடியாவிட்டால் பக்கத்தில் ஒதுங்க வேறு பெரிய விமான நிலையம் கிடையாது. ட்ரோம்சோவுக்கே திரும்ப வேண்டியதுதான். மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்து, கிளம்பிய இடத்திலேயே நிற்பாய்.

லாங்யேர்பியனிலிருந்து ஹிமாத்ரி இருக்கும் நி-ஓலெசுண்டுக்கு 110 கிலோமீட்டர். சிறிய ப்ரொப்பெல்லர் விமானத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அது தினமும் கிடையாது, மேகம் தாழ்ந்தால் கிளம்பாது. அதனால் போகும்போது லாங்யேர்பியனில் ஒரு இரவு, திரும்பும்போது கண்டிப்பாக இரண்டு இரவு வை. திரும்பும் வழிதான் எனக்குக் கவலை. ஒரு விமானம் ரத்தானால் டெல்லி டிக்கெட்டும் கைவிட்டுப் போகும். ட்ரோம்சோ, ஓஸ்லோ, டெல்லி மூன்றையும் ஒரே டிக்கெட்டாக எடு. தனித்தனியாக எடுத்தால் தவறிய விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். சாமான் 20 கிலோவுக்குள் இருக்கட்டும். மருந்து, பேட்டரி, ஒரு நாள் மாற்றுத்துணி கைப்பையில்.

விசாவில் 'இரண்டு முறை நுழைவு' என்று இருக்கிறதா பார். ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை. ஆனால் அது ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்கு வெளியே. ட்ரோம்சோவில் பாஸ்போர்ட் சோதனையோடு வெளியேறுகிறாய், திரும்பும்போது மறுபடி நுழைகிறாய். ஓஸ்லோவிலிருந்து அதே விமானம் தொடர்ந்து போனாலும் ட்ரோம்சோவில் கைப்பையோடு இறங்கித்தான் ஏற வேண்டும்.

நி-ஓலெசுண்டைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு ரேடியோ அமைதி. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வரும் மெலிந்த அலைகளை அங்குள்ள ஆன்டெனாக்கள் பிடிக்கின்றன. ஒரு ப்ளூடூத் இயர்போன் போதும், அளவீடு கெட்டுப்போக. வைஃபை, ப்ளூடூத் இரண்டையும் கைக்கடிகாரத்தில்கூட அணைத்துவிடு. லாங்யேர்பியனில் விமானம் ஏறும் முன் ஒருமுறை பேசிவிடு. அதன்பிறகு கேபிள் வழி இணையம்தான். உன் லேப்டாப்பில் லேன் துளை இல்லை. அடாப்டரை டெல்லியிலேயே வாங்கி, வைஃபையை அணைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பு.

அன்புடன்,
அப்பா